கில்லியை அடிக்காதீர்கள்

காஞ்சிபுரத்துத் தமிழாசிரியப் பெருமக்களே,

உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தன் கட்டுரையில் 'என் அண்ணன் கணக்கில் கில்லி' என்று எழுதினால் அந்த வரிக்கு என்ன கதி என்று உங்களுக்குத் தெரியும். சிவப்பு மையால் ஒரு வட்டம், ஓரத்தில் 'கொச்சை' என்றொரு குறிப்பு, அரை மதிப்பெண் குறைவு. அதே பிள்ளை 'கணக்கில் புலி' என்று எழுதியிருந்தால் வட்டம் விழுந்திருக்காது. புலிக்கு இடம் கொடுத்த கை கில்லியை மட்டும் அடித்துத் தள்ளுவது ஏன் என்பதுதான் உங்கள் முன் நான் வைக்கும் வழக்கு. தாள் திருத்துவது உங்கள் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒற்றுப்பிழையை விடாதீர்கள், ணகர னகரக் குழப்பத்தை விடாதீர்கள். ஆனால் கில்லி பிழையில்லை. எங்கிருந்து வந்தது, எப்படிப் பொருள் மாறியது என்று எடுத்துச் சொல்லக்கூடிய வரலாறு உள்ள சொல் அது. அதைக் கேட்டபிறகும் நீங்கள் அடித்தால் அது உங்கள் தீர்ப்பு. கேட்காமலே அடிக்கிறீர்கள் என்பதுதான் என் குறை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் வயதில் மூத்தவர்களுக்கு இது தேவைப்படாது. உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் இந்தச் சொல்லை வாயில் வைத்திருக்கிறார்களே தவிர அந்தக் குச்சியைக் கையில் பிடித்ததில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு கோல், அது தாண்டு அல்லது கிட்டி. ஒரு சாணோ அதற்கும் குறைவோ இன்னொன்று, இரண்டு முனையும் கூராகச் சீவியது, அது கில்லி அல்லது புள். மண்ணில் நீளவாக்கில் ஒரு சிறு குழி. குழியின் மேல் குறுக்காகக் கில்லியை வைத்து, அடியில் தாண்டின் நுனியைக் கொடுத்து, முன்னால் நிற்கும் எதிர்க்கட்சிக்காரர்களின் தலையைத் தாண்டும்படி கெந்திவிட வேண்டும். யாராவது பிடித்துவிட்டால் ஆடியவன் அவுட். பிடிபடாமல் விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து அதை எறிந்து, குழிமேல் கிடத்திய தாண்டில் படவைக்கப் பார்ப்பார்கள், பட்டாலும் அவுட். இரண்டிலும் தப்பியவனுக்குத்தான் அசல் ஆட்டம். தரையில் கிடக்கும் கில்லியின் சீவிய முனையில் தாண்டால் ஒரு தட்டு. அது துள்ளி எழும்பும். எழும்பியது தரைக்கு வருவதற்குள் இன்னொரு அடி. தட்டு பலமாக விழுந்தால் கில்லி மூஞ்சிக்கு வரும், மெல்ல விழுந்தால் எழும்பவே எழும்பாது. அடித்த தூரத்தைத் தாண்டாலேயே அளந்து எண்ணுவார்கள், எண்ணும் முறையும் எண்களுக்கான பெயர்களும் ஊருக்கு ஊர் வேறு. தோற்றவன் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே குழிவரை ஓடிவர வேண்டும் என்ற தண்டனையும் பல இடங்களில் உண்டு. சில ஊர்களில் அந்த மூச்சுப்பாட்டில் திரும்பத் திரும்ப வருவது பாலாற்றின் பெயர். உங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடிய நாளைவிட தோற்ற பையன்களின் வாயில் அது ஓடிய நாள் அதிகம் என்று கேலி செய்யத் தோன்றுகிறது.

கிட்டிப்புள், கில்லித்தாண்டல், கொங்குப் பக்கம் சில்லாங்குச்சி என்று தமிழுக்குள்ளேயே இதற்குப் பல பெயர். மராட்டியில் விட்டி தாண்டு, கன்னடத்தில் சின்னி தாண்டு, கேரளத்தில் குட்டியும் கோலும், வடக்கே கில்லி டண்டா அல்லது குல்லி டண்டா. நேபாளத்தில் டண்டி பியோ என்பார்கள். 2017இல் வாலிபாலைத் தேசிய விளையாட்டாக அறிவிக்கும்வரை அந்த நாட்டின் தேசிய ஆட்டமாக இதைத்தான் கருதி வந்தார்கள். இவ்வளவு பெயர்களில் 'கில்லி' என்ற வடிவம் இந்துஸ்தானிப் பக்கமிருந்து நமக்கு வந்தது, இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. இந்தியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்களுக்குத் தெரியும், ஸ்டம்பின்மேல் உட்கார்ந்திருக்கும் பெயில்ஸையும் அவர்கள் கில்லி என்றுதான் சொல்கிறார்கள். கிரிக்கெட்டில் ஃபீல்டர் நிற்கும் 'கல்லி' என்ற இடம் வேறு, 'கல்லி கிரிக்கெட்' என்பதில் வரும் சந்து என்னும் பொருளுள்ள இந்திச் சொல் வேறு. இவற்றை ஒன்றாகக் குழப்ப வேண்டாம். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்ற சோழப் பெயர்களோடு முடிச்சுப் போடவும் சிலருக்கு ஆசை வரலாம். அங்கே வருவது ளகரம், இங்கே லகரம், நடுவில் பாலம் கட்ட எந்தச் சான்றும் இல்லை. பெருமைக்காக ஒரு சொல்லுக்குப் பொய்யான தகப்பனைத் தேட வேண்டியதில்லை.

சரி, குச்சியின் பெயர் ஆளுக்கு எப்படி ஏறியது? இதை உங்கள் ஆகுபெயர்ப் பாடத்திலேயே கேள்வியாக வைக்கலாம். 'யாழ் கேட்டான்' என்பதில் யாழ் தன் இசைக்கு ஆகிவருவதுபோலக் கில்லி அதை ஆடும் திறமைக்கு ஆகி, பின் திறமைசாலிக்கு ஆனது என்று ஒரு மாணவர் வாதாடலாம். 'காளை வந்தான்' என்பதுபோல இது உவமையாகுபெயர்தான் என்று இன்னொருவர் மறுக்கலாம். என் சாய்வு இரண்டாமவர் பக்கம். இந்த ஆட்டத்தில் உள்ள இரண்டு குச்சிகளில் பாராட்டாக மாறியது சின்னதுதான் என்பதைக் கவனியுங்கள். 'அவன் தாண்டு' என்று யாரும் யாரையும் புகழ்ந்து கேட்டதில்லை. பெரிய குச்சியைத் தமிழ் வசவுக்கு ஒதுக்கிவிட்டது, தடியன், தடிமாடு என்று. சிறியது, இரு பக்கமும் கூரானது, தொட்டால் துள்ளுவது, தரையில்தானே கிடக்கிறது என்று அசந்தால் தலைக்குமேல் பறந்துவிடுவது: ஒரு ஆளிடம் இத்தனையையும் கண்டவன் வேறு எந்தச் சொல்லைச் சொல்வான்? கூடவே கில்லாடியின் துணையும் இருந்திருக்க வேண்டும். இந்தியில் கிலாடி என்றால் முதன்மையாக விளையாட்டு வீரர். தமிழுக்குள் வந்ததும் அது கெட்டிக்காரன், கொஞ்சம் தந்திரமும் தெரிந்தவன் என்றாகிவிட்டது. ஆட்டக்காரனின் பெயர் இப்படி முன்பே கெட்டிக்காரனுக்கு ஆகிப்போன மொழியில், அதே ஓசையோடு வந்த கில்லியும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது சுலபம். இந்தப் பக்கத்துணையைப் பற்றி நான் சொல்வது என் கணிப்பு, ஆனால் காரணத்தோடு சொல்லும் கணிப்பு.

விளையாட்டிலிருந்து பொறுக்கிய சொல் கட்டுரைக்குத் தகாது என்பது உங்கள் முதல் மறுப்பாக இருக்கும். அப்படியானால் உங்கள் ஊர் அரசனிடமிருந்தே தொடங்குகிறேன். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது விருதுப் பெயர். மல்லன் என்றால் மற்போர் செய்கிறவன். மண் பூசிய ஆட்களின் சண்டைக் களத்திலிருந்து எடுத்த பெயரைப் பல்லவ மன்னன் பெருமையாகத் தரித்துக்கொண்டான், ஒரு கடற்கரைப் பட்டினம் இன்றும் மாமல்லபுரம் என்று அதைச் சுமக்கிறது. 'மாமல்லன்' என்பதற்கும் 'கில்லி' என்பதற்கும் சொல்லாக்க முறையில் என்ன வேறுபாடு? இரண்டும் ஆட்டக்களத்தின் சொல், இரண்டும் களத்துக்கு வெளியே உள்ள ஆளைப் புகழ வந்தவை. ஒன்றை வரலாற்றுப் பாடத்தில் வைத்தோம், இன்னொன்றின்மேல் வட்டம் போடுகிறோம்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், நீங்கள் பட்டம் வாங்கிய இடத்தைப் பற்றி. திருக்குறளில் சூது என்ற 94ஆம் அதிகாரத்தில் 'கழகம்' என்ற சொல் வருகிறது. 935ஆம் குறளிலும் 937ஆம் குறளிலும் அதற்குச் சூதாடும் இடம் என்று பொருள். கற்றோர் கூடும் இடம் என்ற பொருளும் பழையதுதான், கம்பனில் அது உண்டு. ஆகவே சூதாட்டக் கூடத்திலிருந்துதான் பல்கலைக்கழகம் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பகடை உருட்டும் இடத்தையும் பாடம் கேட்கும் இடத்தையும் ஒரே சொல்லால் அழைக்கத் தமிழ் கூசவில்லை என்று தாராளமாகச் சொல்வேன். உங்கள் ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே பச்சையப்பன் பள்ளியில் படித்த அண்ணா 1949இல் ஒரு கட்சி தொடங்கியபோது அதன் பெயரிலும் கழகம் இருந்தது. வள்ளுவர் கழகத்துக்குள் போகாதே என்று எச்சரித்திருக்கிறாரே என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மேடையில் குத்திக்காட்ட இடமிருந்தது. சொல் அதனால் கெட்டுப்போய்விடவில்லை. நாளிதழ்த் தலையங்கங்களைப் பாருங்கள். அதிகாரிகளைப் 'பந்தாடுகிறார்கள்', கூட்டணிக்குக் 'காய் நகர்த்துகிறார்கள்', ஏழைகளைப் 'பகடைக்காய்' ஆக்குகிறார்கள், அணைநீருக்கு 'மல்லுக்கட்டு' நடக்கிறது, மழை 'கண்ணாமூச்சி' காட்டுகிறது, கையில் 'துருப்புச்சீட்டு' இருக்கிறது. இதில் துருப்பு டச்சுக்காரர்களின் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. நீங்களே ஆண்டு விழா அறிக்கையில் 'பம்பரமாய்ச் சுழன்று பணியாற்றிய' என்று எழுதுகிறீர்கள். பம்பரத்தைத் தெருவில் சுழற்றிய அதே பையன்தான் பக்கத்தில் கில்லியும் ஆடிக்கொண்டிருந்தான். பம்பரத்துக்குப் பாராட்டு, கில்லிக்குக் கொச்சைப் பட்டம். இதில் எனக்குத் தெரியும் ஒரே நியாயம், பம்பரம் உங்கள் ஆசிரியர்களின் காலத்திலேயே எழுத்தில் ஏறிவிட்டது, கில்லி ஏறவில்லை என்பதுதான். தாமதமாக வந்தது ஒரு சொல்லின் குற்றமா?

வேற்றுமொழிச் சொல்லாயிற்றே என்பது இரண்டாவது மறுப்பு. இதில் ஒரு நேர்மையான கவலை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் ஏற்கெனவே உள்ள சொல்லை விரட்டிவிட்டு உட்காரும் கடன்சொல்லைத் தடுப்பது ஆசிரியரின் வேலைதான். கில்லி எந்தச் சொல்லை விரட்டியது? வல்லவன், திறமைசாலி, கெட்டிக்காரன், நிபுணன் எல்லாம் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. கில்லி சொல்வது அவற்றில் எதிலும் இல்லாத ஒரு பொருள்: எதிர்பாராத வேகத்தோடு, சொல்லிவிட்டு அடிக்கும் கெட்டிக்காரத்தனம். எழுபது வயதுப் பேராசிரியரை நிபுணர் என்போம், கில்லி என்று சொல்லத் தயங்குவோம். பிள்ளைகளுக்கு இந்த நுட்பம் யாரும் கற்றுத்தராமலே தெரிந்திருக்கிறது. இலக்கணமும் உங்கள் பக்கம் அவ்வளவு உறுதியாக இல்லை. இயற்சொல், திரிசொல்லோடு திசைச்சொல்லையும் வடசொல்லையும் சேர்த்து நான்கு என்று தொல்காப்பியரே வகுத்தார். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயர் வைத்து, அதைத் தகுதி வழக்கில் ஒன்றாக எண்ணினார் நன்னூல் எழுதிய பவணந்தியார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்ற எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறீர்கள். கொல்லர் தெருவின் பறிக்கு இலக்கண நூலில் இடம் உண்டு, தறித் தெருவின் கில்லிக்கு இல்லை என்றால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? தமிழில் கடன்சொல்லை யாரைவிடவும் கடுமையாக எதிர்த்தவர் தேவநேயப் பாவாணர். அவர் இருந்தால் கில்லிக்குப் பதிலாக வேறு சொல்லைத்தான் கையில் கொடுத்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அவர்தான் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு புத்தகமே எழுதி, தெருவாட்டங்களை ஊர்வழக்கோடு தொகுத்தார். தெருவில் குச்சி அடிப்பதை எழுதுவது தமிழறிஞனின் வேலை இல்லை என்று அவர் நினைக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு, இது சினிமாச் சொல், இன்னும் பத்து வருடத்தில் காணாமல் போகும் என்பது. 2004 ஏப்ரலில் தரணி இயக்கி விஜய் நடித்த 'கில்லி' வந்து இந்தச் சொல்லைச் சென்னைக்கு வெளியே மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது உண்மை. அது 'ஒக்கடு' என்ற தெலுங்குப் படத்தின் மறுவாக்கம். 'ஒருவன்' என்று அர்த்தமுள்ள அந்தத் தலைப்புக்குப் பதிலாக இங்கே கில்லி என்று வைத்தார்கள். கதாநாயகன் கபடி வீரன், கில்லி ஆடுகிறவன் இல்லை. யோசித்துப் பாருங்கள், ஆட்டத்தைக் காட்டாமலே சொல்லை மட்டும் தலைப்பாக வைத்தும் படம் பார்க்க வந்தவர்களுக்குப் பொருள் புரிந்தது என்றால், அந்தப் பொருள் படத்துக்கு முன்பே மக்கள் வாயில் இருந்தது என்றுதானே ஆகிறது? சினிமா ஒலிபெருக்கியாக இருந்தது, சொல்லை உண்டாக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து 2024இல் அந்தப் படம் மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது கூட்டம் கூடியது, சொல்லும் வாடியிருக்கவில்லை. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் சென்னை அணிக்கு சேப்பாக் சூப்பர் கில்லீஸ் என்று பெயர். அதே போட்டியில் உங்கள் ஊர்ப் பெயரோடு காஞ்சி வீரன்ஸ் என்ற அணியும் கொஞ்ச காலம் ஆடியது. பெரியவர்கள் லட்சக்கணக்கில் பணம் போட்டு நடத்தும் அணி கில்லிக்கும் வீரனுக்கும் ஆங்கிலப் பன்மை ஒட்டினால் யாரும் வட்டம் போடுவதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை தமிழாக எழுதினால் மட்டும் போடுகிறோம்.

பொதுத்தேர்வில் வேறு ஊர் ஆசிரியர் திருத்துவார், அவர் மதிப்பெண் குறைத்தால் பிள்ளைக்குத்தானே நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். இதுதான் உங்கள் மறுப்புகளில் வலுவானது, இதைத் தள்ளிவிட முடியாது. விண்ணப்பக் கடிதத்தில் கில்லி வேண்டாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இடமறிந்து பேசக் கற்றுக்கொடுப்பது வேறு, சொல்லே இழிந்தது என்று கற்றுக்கொடுப்பது வேறு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோதே, பேச்சில் வழங்கும் சொற்களைச் சேர்த்து, பக்கத்தில் 'பே.வ.' என்று குறித்தது. அந்த ஒரு குறிப்பு போதும். கொச்சை என்று எழுதுகிற இடத்தில் பேச்சு வழக்கு என்று எழுதினால் பிள்ளை தேர்வில் எச்சரிக்கையாக இருப்பாள், தன் வீட்டில் பேசும் மொழிக்காகக் கூச வேண்டியதும் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சொல்லை விட்டுவையுங்கள் என்பதற்காக. உங்களிடம் நான் கேட்க வந்தது அதைவிடப் பெரியது. அதற்கு மறுபடியும் ஒரு குறளுக்குப் போக வேண்டும். கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளில், நூலறிவு நிரம்பாதவன் சபையில் பேசுவதை வள்ளுவர் ஒரு தெருவாட்டத்தோடு ஒப்பிடுகிறார், அரங்கு வகுக்காமல் வட்டாடுவது போல என்று. அவர் காலத்து ஆளுக்கு அது சொன்னவுடன் புரிந்திருக்கும். நமக்கு? வட்டு எது, அரங்கு எது என்று யார் சொல்வது? சொன்னவர் பரிமேலழகர். உங்கள் காஞ்சிபுரத்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் பரிமேலழகர். கட்டம் வகுத்த இடம்தான் அரங்கு, உண்டை உருட்டுவதுதான் வட்டாடல் என்று உரையில் அவர் சுருக்கமாகக் குறித்து வைத்ததால்தான் அந்த உவமையின் பாதி உயிராவது நமக்குக் கிடைத்தது. எத்தனை கட்டம், எத்தனை உண்டை, எதற்கு ஆட்டம் இழப்பது என்று அவர் எழுதவில்லை, அவருக்கு அது அவசியமாகவும் படவில்லை. உவமை புரிகிறது, ஆட்டம் போய்விட்டது. சொல் பிழைத்து ஆட்டம் சாகும்போது இப்படித்தான் ஆகும், கில்லிக்கு இப்போது நம் கண்ணெதிரே அதுவே நடந்துகொண்டிருக்கிறது.

ஆட்டம் ஏன் போகிறது என்று ஆராய்ச்சி தேவையில்லை. குழி தோண்ட மண் வேண்டும், தெருக்கள் சிமெண்ட் ஆகிவிட்டன. கில்லி பறக்க ஐம்பதடி வெற்றிடம் வேண்டும், அங்கே மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்ற பயமும் பொய்யில்லை. பிள்ளைகளின் கண்காயங்களுக்குக் காரணமாக இந்த ஆட்டத்தைக் கண் மருத்துவர்கள் இந்தியா முழுவதும் குறிப்பிட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே இதைப் பள்ளி மைதானத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தமிழகக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஆள் போனாலும் கட்டம் இருக்கிறது. கில்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குழியை அடுத்த மழை மூடிவிடும், குச்சி அடுப்புக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது ஆடியவர்களின் நினைவும் அவர்கள் ஆட்டத்தில் கத்திய சொற்களும்தான்.

ஆடியவர்கள் யார் என்றும் பாருங்கள். கோர்வைச் சேலை நெய்ய மறுகரையின் நாடாவைப் போட ஒரு துணையாள் வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகள். பட்டுத் தறியில் சிறுவர் உழைப்பைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. தறிக்குழியிலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடிவரும் கொஞ்ச நேரத்தில், காசில்லாமல், ஒடித்த இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. பள்ளிக்கூடம் அவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை, அதனால் அவர்கள் பேசிய சொற்களும் தாளில் ஏறவில்லை. இந்தியில் பிரேம்சந்த் இந்த ஆட்டத்தின் பெயரையே தலைப்பாக வைத்துச் சிறுகதை எழுதினார். படித்து எஞ்சினியராகி ஊர் திரும்பியவன் பழைய கூட்டாளியோடு ஆடுகிறான், தாழ்ந்த சாதிக்காரனான அந்தக் கூட்டாளி விட்டுக்கொடுத்து அவனை ஜெயிக்க வைக்கிறான். தன்னோடு அவன் ஆடவே இல்லை, மரியாதைக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறான் என்பது எஞ்சினியருக்குப் பிறகுதான் புரிகிறது. அந்தஸ்து நடுவில் வந்ததும் ஆட்டம் எப்படிச் செத்துப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் நம் தெருக்களில் இதை ஆடிய பாட்டன்மார் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டிய பேரன் பேத்திகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கோடை விடுமுறைக்குத் தமிழ்ப் பாடத்தில் வீட்டுவேலையாக ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். வைகாசியில் வரதராஜர் கருடசேவைக்கு வெளியூரில் இருக்கும் உறவெல்லாம் வீட்டுக்கு வரும், கேட்க அதைவிடத் தோதான நாள் கிடைக்காது. பெரிய குச்சிக்கும் சின்னக் குச்சிக்கும் உங்கள் தெருவில் என்ன பெயர், குழிக்கு என்ன பெயர், கெந்துவதற்கும் தட்டி எழுப்புவதற்கும் தனித்தனிச் சொல் உண்டா, எப்படி எண்ணினார்கள், தோற்றவனுக்கு என்ன தண்டனை, அழுகுணி ஆட்டம் ஆடியவனை என்ன சொல்லித் திட்டினார்கள், பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்களா, எந்தத் தெருவுக்காரரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, 'கில்லி' என்று ஆளைச் சொல்லக் கேட்டது சினிமாவுக்கு முன்பா பின்பா. இவ்வளவையும் பிள்ளைகள் தாங்கள் கேட்டபடியே, இலக்கணத் திருத்தம் இல்லாமல் எழுதட்டும். அந்தப் பக்கங்களில் மட்டும் சிவப்பு மை வேண்டாம். கரிசல் சொற்களை கி. ராஜநாராயணன் 1982இலும், கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் 2000இலும் இப்படி ஊர் வாயிலிருந்து கேட்டுத்தான் அகராதியாக்கினார்கள். அவர்கள் தனி ஆட்கள். உங்களுக்கு வகுப்புக்கு நாற்பது உதவியாளர்கள் இருக்கிறார்கள், சம்பளமும் கேட்க மாட்டார்கள். பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை என்று சொல்லாதீர்கள், இது விடுமுறை வேலை, உங்களுக்கு மிஞ்சுவது பக்கங்களை வாங்கிக் கட்டி நூலகத்தில் வைப்பது மட்டும்தான்.

சின்ன காஞ்சிபுரம் ஒரு கட்டு, பெரிய காஞ்சிபுரம் ஒரு கட்டு, பிள்ளையார்பாளையம், செவிலிமேடு, ஓரிக்கை தனித்தனிக் கட்டு என்று பிரித்து வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு தாத்தாக்கள் இரண்டு விதமாகச் சொன்னால் எது சரி என்று பஞ்சாயத்து செய்ய வேண்டாம், இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். சொன்னவரின் தெருவையும் அவர் ஆடிய காலத்தையும் மட்டும் பிள்ளைகள் விடாமல் குறித்துக்கொண்டு வரட்டும்.